நாத்தனார் வீட்டில் கை நனைக்காதவள்

முந்திரிப்பருப்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது மரத்தில் காய்க்கிறது, உடைக்கிறார்கள், விற்கிறார்கள். அதற்கு என் மகளைத் தெரியாது. என் கோபமெல்லாம் என் நாத்தனார் மேல்தான். அவருக்கு என் மகளை நன்றாகத் தெரியும். மடியில் போட்டுக் கொஞ்சியவர். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற விடுவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

நாங்கள் திருச்சியில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிக்கு வந்த முந்திரி கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் உதடு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, “இது அலர்ஜி. முந்திரி இவளுக்கு ஆகாது. துணுக்குகூடக் கூடாது. அடுத்த தடவை மூச்சையே அடைச்சிடலாம்” என்றார். அலர்ஜி என்ற வார்த்தையே அப்போது எங்கள் தெருவுக்குப் புதுசு. சூடு என்றார்கள், பித்தம் என்றார்கள், கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் சுற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடவே முந்திரியையும் நிறுத்தினால் சரி என்றிருந்தேன்.

வீட்டில் கஷ்டமில்லை, வாங்காமல் இருந்தால் போயிற்று. வெளியில் சாப்பிடும்போதுதான் தலைவலி. சின்ன ஓட்டல்களை நான் நம்பினேன். முந்திரி விற்கிற விலைக்கு அவர்கள் அதைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். கல்லாவுக்கு மேலே சாமி படமும், ஈ மொய்க்கும் வடைத் தட்டும் தெரிந்தால் தைரியமாகப் போய் உட்காருவேன். பளிங்கு மேஜையும் ஏசி அறையும் தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன். அந்த மாதிரி இடங்களில்தான் குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றுவார்கள், உப்புமாவில்கூட வறுத்துத் தூவுவார்கள். ஊருலகம் நல்ல ஓட்டலாகத் தேடும்போது நான் மட்டமான ஓட்டலாகத் தேடிக்கொண்டிருந்தேன். “உன்னோட டூர் வந்தா டீக்கடை பன்னுதான் கதி” என்பார் என் கணவர்.

கோடை விடுமுறைக்கு எங்களுக்கு வாய்த்தது ஆவடி. மெட்ராஸுக்குப் போகிறோம் என்று மகள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வாள். மெட்ராஸில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து, வந்த வழியை விட்டு மேற்கே போனால் ஆவடி. அங்கே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் என் கணவரின் அக்கா வீடு. அவருடைய வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், வேலூர்க்காரர் எல்லாரும் இருந்தார்கள். ஊர்தான் வேறு, சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் பேசியது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதில் தாயை இழந்த என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர். அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. அவர் வீட்டுக்கு வந்த யாரும் கை நனைக்காமல் போனதில்லை. தபால்காரருக்கும் ஒரு தட்டு, கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கும் ஒரு தட்டு. நான் மகளோடு போன முதல் விடுமுறையில் சேமியா பாயசம் வைத்து, நெய்யில் பொன்னாக வறுத்த முந்திரியை மேலே கொட்டிக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லித் தடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

“எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கிடையாதே. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கினா எல்லாம் சரியாப் போயிடும். நீ டாக்டர் பேச்சைக் கேட்டுக்கிட்டுப் புள்ளையைச் சோப்ளாங்கி ஆக்குறே.”

அப்போதே அவர் மனதில் இது பதிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நோய் என்று அவர் நம்பவில்லை. அவர் கைச் சாப்பாட்டுக்கு நான் சொல்லும் குறை என்றே எடுத்துக்கொண்டார்.

மகளுக்கு ஏழு வயதானபோது வந்த விடுமுறையில், அண்ணியின் வீட்டுக்காரரான மாமாவுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருமாகத் திருவேற்காட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டோம். அங்கிருந்து பூந்தமல்லியில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டலுக்கு மாமா அழைத்துப் போனார். அவர்களும் மகளுமாக மூன்று பேர், நாங்கள் மூன்று பேர். உள்ளே நுழைந்ததுமே நான் பயந்ததெல்லாம் கண்ணில் பட்டது. பளிங்கு மேஜை, மடித்து வைத்த துணி, எவர்சில்வர் தட்டில் வெட்டிப் போட்ட வாழையிலை. நெய் மணம் வாசலிலேயே வந்து வரவேற்றது.

நான் சர்வரைப் பக்கத்தில் கூப்பிட்டு, எதிலெல்லாம் முந்திரி இருக்கிறது என்று கேட்டேன்.

“இன்னாக்கா, அவனவன் முந்திரி கம்மியா கீதுன்னு சண்ட போடறான், நீ வேணான்றியே” என்று சிரித்தான். மகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “பொங்கல்ல கீது, கேசரில கீது. குருமால அரச்சி ஊத்திகீறாங்கோ. பாப்பாக்கு இட்லி குடு, சாம்பார் குடு. ஒண்ணியும் ஆவாது.”

“எதுக்கும் உள்ள ஒரு தடவை கேட்டுட்டு வந்துடுங்க தம்பி” என்றேன். அவன் போனதும் அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

“ஏன் இப்படித் தம்பட்டம் அடிக்கிறே? பின்னாடி மேஜையில எங்க குவார்ட்டர்ஸ் ஆளுங்க உக்காந்திருக்காங்க. பொட்டப்புள்ளைக்கு வியாதின்னு ஊருக்கே தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிப்பான்?”

ஏழு வயசுப் பிள்ளை, ஸ்பூனில் தன் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை வராமல் போய்விடுமே என்ற கவலை அண்ணிக்கு. மாப்பிள்ளை வரும்வரை அவள் உயிரோடு இருக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு. 

மகளுக்கு இட்லி வந்தது. மற்றவர்களுக்குப் பொங்கல், வடை, பூரி. சாப்பிட்டு முடியும் தருவாயில் என் புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது. என் கணவரும் மாமாவும் அவர் மகளும் கல்லாப் பக்கம் போயிருந்தார்கள், வீட்டுக்கு என்ன ஸ்வீட் வாங்கலாம் என்று பார்க்க. “ரெண்டு நிமிஷம் இவளைப் பார்த்துக்குங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுப் பின்னால் கை கழுவும் இடத்துக்குப் போனேன். யாரிடம் சொல்லிவிட்டுப் போனேன் பாருங்கள்.

திரும்பி வந்தபோது அண்ணியின் வலது கை என் மகளின் வாயருகே இருந்தது. அவருடைய இலையின் ஓரத்தில் முந்திரிகள் வரிசையாக, நெய் மினுமினுக்க உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அடுக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. பெருமையாகச் சொன்னார்.

“முந்திரியை எல்லாம் பொறுக்கிட்டேன், பாரு. ஒண்ணுகூட வாய்க்குப் போகல. புள்ள வெறும் இட்லியைத் தின்னுக்கிட்டு ஏங்கி ஏங்கிப் பாக்குது.”

அந்த முந்திரி வறுபட்ட நெய் அப்படியே பொங்கலில்தான் கொட்டிக் கிளறப்பட்டிருக்கிறது. வாழ்நாள் பூராவும் பொங்கல் கிளறிய பெண்ணுக்கு இது தெரியாதா? அரிசியில் கல் பொறுக்குவதுபோல முந்திரியைப் பொறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். நோய் என்று நம்பாதவர் பொறுக்கியிருக்க மாட்டார். நம்பியவர் ஊட்டியிருக்க மாட்டார். இவர் இரண்டுங்கெட்டானாக நின்று என் குழந்தையை வைத்துப் பரீட்சை பார்த்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அம்மா, வாயெல்லாம் அரிக்குது” என்றாள் மகள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஓட்டல் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. குரல் கட்டி, மூச்சு விடும்போது உள்ளே விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். என் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். அங்கே நின்ற ஆட்டோக்காரர் கூலி பேசவில்லை. “குந்துக்கா, கெட்டியா புட்ச்சிக்கோ. அழுவாத, இதோ வந்துடிச்சி” என்று சொல்லிக்கொண்டே ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். அண்ணியும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓடி வந்து, “குழந்தை என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது, வார்த்தை வரவில்லை. அண்ணி முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு சொன்னார்.

“இட்லிதான் டாக்டர். வெறும் இட்லி.”

டாக்டர் அதை நம்பினார். பூச்சி ஏதாவது கடித்ததா என்று கேட்டு, மகளின் கவுனை விலக்கி முதுகிலும் காலிலும் கடிவாய் தேட ஆரம்பித்தார். விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். என் மகளின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. எனக்குக் குரல் வந்தபோது அது கத்தலாகத்தான் வந்தது.

“பொய்! பொங்கல் குடுத்தாங்க, முந்திரி போட்ட பொங்கல். இவளுக்கு முந்திரி ஆகாது டாக்டர், மூச்சு அடைக்கும்னு சொல்லியிருக்காங்க.”

உடனே ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் குறைந்தது. மதியத்துக்குள் கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். பொங்கல் ஊட்டியதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன், ஆசையில் செய்தது என்று விட்டிருப்பேன். டாக்டர் கேட்டபோது சொன்ன அந்தப் பொய்யை என்னால் விட முடியவில்லை. தன் பேர் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக, என் மகள் மூச்சுக்குத் தவிக்கும்போது சொன்ன பொய் அது.

அண்ணி மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நாங்கள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஓட்டலில் பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள், மீதியை யார் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்கள், “ஏம்மா, ஓட்டல்ல கண்டதையும் வாங்கிக் குடுக்கலாமா? பெத்தவ நீ பாத்துக் குடுக்க வேணாமா?” அண்ணி அடுப்படியில் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். “நான்தான் ஊட்டினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி, போதும்” என்றேன்.

“நான் எங்க ஊட்டினேன்? என் தம்பி புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவேனா? கோவில் கூட்டத்துல எவளோ கண்ணு வெச்சிருக்கா” என்றார்.

“விடு, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார் என் கணவர். போனது என் பிள்ளையின் தலைப்பாகை. அதனால் அதை விடுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொண்டேன்.

அன்று இரவு அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை. மறுநாள் திருச்சிக்குக் கிளம்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அதோடு அந்த வீட்டுப் படியை மிதிக்காமல் இருந்திருப்பாள். நான் அவ்வளவு ஏமாளி இல்லை. போகாமல் இருந்தால் அதற்குப் பேர் சண்டை. சண்டை என்றால் நாலு பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசி, இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்துவிடுவார்கள். போய், சிரித்துப் பேசி, சாப்பிடாமல் வந்தால் அதற்குப் பஞ்சாயத்தே கிடையாது.

எனவே ஒவ்வொரு கோடைக்கும் தவறாமல் போனேன். கையில் டிபன் கேரியர், கூஜாவில் தண்ணீர். ரயிலடிப் பக்கம் இருந்த சின்ன ஓட்டலில் இட்லி வாங்கி கேரியரில் நிரப்பிக்கொள்வேன். அண்ணி வீட்டுக் கூடத்தில், வாசல் கதவு திறந்திருக்கும்போது, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படியாக உட்கார்ந்து நானும் மகளும் சாப்பிடுவோம். என் கணவர் அக்கா கையால் சாப்பிடுவார். அவருக்கு நான் தடை சொல்லவில்லை, அது அவர் தாய்வீடு. அண்ணி முதல் வருஷம் அழுதார். இரண்டாம் வருஷம் கோபித்துக்கொண்டார். அப்புறம் நான் வரும் நாளில் வாசல் கதவைச் சாத்திவைக்க ஆரம்பித்தார். நான் புழுக்கமாக இருக்கிறது என்று எழுந்துபோய்த் திறந்துவிடுவேன்.

குழாயடியில் பெண்கள் கேட்பார்கள், “ஏன் நாத்தனார் ஊட்ல சாப்பிட மாட்டேன்றீங்களாமே, இன்னா விஷயம்?” நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “அண்ணியைக் கேளுங்க.” அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் சொன்னால் அது என் பக்கத்துக் கதை, பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அவர் வாயால்தான் வர வேண்டும். தபால்காரருக்குச் சோறு போட்டுப் பேர் வாங்கியவர், சொந்தத் தம்பி பெண்டாட்டி கை நனைக்காத வீட்டுக்காரி என்று ஆனார். எனக்கு அதில் இருந்த சந்தோஷத்தை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. திருச்சிக்குத் திரும்பும் ரயிலில் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படியே வருஷங்கள் ஓடி, தொண்ணூறுகளில் ஒரு மே மாதம் அண்ணியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அம்பத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர்கள். பூந்தமல்லியில் மண்டபம். என் கணவர் தாய்மாமன் என்பதால் மேடையில் அவருக்கு வேலை சரியாக இருந்தது. என் மகள் பட்டுப்பாவாடை தாவணியில் வளர்ந்து நின்றாள். தாய்மாமன் வீடு கை நனைக்காத கல்யாணத்தை யாரும் கண்டதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேரியரோடு போனேன்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியிலேயே நானும் மகளும் உட்கார்ந்தோம். எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மாவும் அவர் வீட்டுப் பெண்களும். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம். பரிமாற வந்தவரிடம் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அதற்குள் எதிர்வரிசையில் வேறொரு பேச்சு ஆரம்பித்திருந்தது.

“இன்னாம்மா இது, பாயாசத்துல திராட்சதான் மெதக்குது. முந்திரி ஒண்ணுகூடக் கண்ணுல படல.”

“கேசரிலயும் இல்ல, குருமாலயும் இல்ல. பொண்ணு ஊட்டுக்காரங்க கை அம்மாம் பெருசு.”

சிரித்தார்கள். அண்ணி பந்தி விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். கேட்டார், முகம் சிவந்தது. கேட்கக் காது இனித்தது எனக்கு. கல்யாணத்திலா கஞ்சத்தனம், நன்றாகப் படட்டும் என்று நினைத்துக்கொண்டே கேரியரைத் திறந்து இட்லியை இலையில் வைத்தேன்.

சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டார். “அவங்க யாரு? தாய்மாமன் சம்சாரம்தானே? ஏன் வெளிய வாங்கியாந்து சாப்புடறாங்க? இன்னா குறை?”

பந்தியே திரும்பிப் பார்த்தது. “அண்ணியைக் கேளுங்க” என்றேன். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

சம்பந்தியம்மா அண்ணியைப் பார்த்தார். “சொல்லுங்கம்மா. முந்திரியும் இல்ல, தாய்மாமன் ஊடும் சாப்புடல. நாங்க இன்னான்னு எடுத்துக்கிறது?”

அண்ணி தோளில் கிடந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மழுப்புவார், கண்ணேறு என்பார், சகுனம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“முந்திரி வேணாம்னு சமையல்காரர்கிட்ட சொன்னது நான்தாங்க” என்றார். “எங்க தம்பி பொண்ணுக்கு அது ஆகாது. பொறுக்கிட்டா போதும்னு நெனச்சு ஒருதடவை நானே பொங்கல் ஊட்டிவிட்டேன். மூச்சு அடைச்சுப் பொழைச்சு வந்தா. டாக்டர் என்ன சாப்பிட்டான்னு கேட்டப்ப இட்லின்னு பொய் சொன்னேன். அவ அம்மா அன்னிலேர்ந்து என் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கல. இன்னிக்காவது அந்தப் புள்ள பந்தியில உக்காந்து சாப்பிடணும்னுதான் எதுலயும் முந்திரி போடல.”

நான் வருஷக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை. நான் கேட்டதற்கும் மேலேயே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு இனிக்கவில்லை, எரிச்சலாக வந்தது. பிடுங்கி எடுக்க வேண்டியதை அவராகவே எடுத்து நீட்டிவிட்ட எரிச்சல்.

“முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா நீ நம்பியிருப்பியா?”

நம்பியிருக்க மாட்டேன். என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு பாயச வாளியைப் பார்த்தாள். கல்யாணப் பந்தியில் அவள் பாயசம் சாப்பிட்டதே இல்லை. “அத்தை, எனக்கு” என்று இலையை நகர்த்திக் காட்டினாள். அண்ணி பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியை வாங்கித் தானே ஊற்றினார்.  அவள் வழித்துச் சாப்பிடச் சாப்பிட, அவள் உதட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கரண்டி கேட்டாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். “நீயும் ஒரு வாய் சாப்பிடு” என்று கரண்டியை என் இலைக்குக் கொண்டுவந்தார்.

நான் இலையின் மேல் கையை விரித்து மறைத்தேன்.

“டாக்டர் கேட்டப்ப சொல்லியிருந்தீங்கன்னா சாப்பிட்டிருப்பேன் அண்ணி” என்றேன்.